மரத்தின் எடை, சாதியின் எடை: அகக்காழிலிருந்து ராஜமரம் வரை

1

மரம் எது, மரமல்லாதது எது என்று பிரித்துச் சொன்ன முதல் தமிழ்ப் பிரதியாக நமக்குக் கிடைப்பது தொல்காப்பியத்தின் மரபியல். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்பது அதன் வரையறை. அகக்காழ், புறக்காழ் என்று இரண்டு சொற்கள். இந்தக் கணக்குப்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல். தேக்கும் வேங்கையும் பலாவும் மரம். நம் பேச்சில் இன்றைக்கும் பனைமரம், தென்னைமரம் என்றுதான் சொல்கிறோம். இலக்கணம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று சொல்கிறது. இரண்டும் இத்தனை நூற்றாண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்துவந்திருக்கின்றன.

இந்த வரையறையைத் தமிழர் அறிவியலின் பெருமையாக மேடைகளில் சொல்வதுண்டு. பெருமையை ஒருபக்கம் வைத்துவிட்டு விஷயத்தைப் பார்ப்போம். விஷயம் சரியானதுதான். தேக்கு மாதிரியான மரங்களில் பட்டைக்கு அடியில் காம்பியம் என்கிற உயிருள்ள மெல்லிய படலம் இருக்கிறது. அது வருஷாவருஷம் உள்பக்கமாகப் புதுக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அதனால் பழசு நடுவில், புதுசு பட்டையோரத்தில். நடுவில் உள்ள பழைய செல்கள் செத்து, அவற்றில் நிறமும் எண்ணெயும் பிசினும் படிந்து வைரமாகிறது. பனைக்கும் தென்னைக்கும் இந்தக் காம்பியம் கிடையாது. அவற்றின் நார்க்கற்றைகள் தண்டின் வெளிவட்டத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் கிடக்கின்றன. வெளிவட்டத்து நார்களின் சுவர் மரம் இருக்கும்வரை தடித்துக்கொண்டே வருகிறது. ஆகவே அடித்தண்டின் வெளிப்புறம்தான் மிகக் கடினம்; நடுவும் நுனியும் சோறு.

தென்னங்கட்டையை அறுப்பவர்கள் அதை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடையுள்ளது முதல் தரம், 400லிருந்து 600 வரை இரண்டாவது, 400க்குக் கீழே மூன்றாவது. இந்த மூன்று தரமும் ஒரே தென்னையில் இருக்கின்றன. ஒரே மரம், ஒரே வயது, ஒரே வேர். முதல் தரத்தை உத்திரத்துக்கு வைக்கலாம். மூன்றாம் தரம் பாரம் தாங்காது.

பூதப்பாண்டி, தோவாளை, அழகியபாண்டியபுரம் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் ஏறிப் பார்த்தால் இந்த இலக்கணம் கூரையாக நிற்பது தெரியும். நிலையும் கதவும் அகக்காழ்: தேக்கு, அயனி, பலா. மேலே கழுக்கோல் புறக்காழ்: பனையின் கறுத்த வெளிவைரம். வாசலில் வருகிறவன் கண்ணில் படுவது 'மரம்'. பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு 'புல்'. பனையேறியவர்களின் ஏணிக்கும் தளைக்கும் திருவிதாங்கூர் சர்க்கார் தனித்தனியே வரி வாங்கியது. புல் என்று இலக்கணம் சொன்னதாலா இது நடந்தது? அப்படி நேர்க்கோடு போடுவது அபத்தம். ஆனால் அதே மரபியல்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்று மனிதர்களையும் நிரல்படுத்துகிறது. அந்தச் சூத்திரங்கள் இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இடைச்செருகலாகவே இருக்கட்டும். செருகியவன் எந்த இயலைத் தேர்ந்தெடுத்தான் என்பது கேள்வி. விலங்கின் பெயர், மரத்தின் உறுப்பு, குட்டிக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று அடுக்கப்பட்ட இயலில்தான் வருணத்தைச் செருகினான். இயற்கையைப் பட்டியலிடும் இடத்தில் வருணத்தை வைத்தால் வருணமும் இயற்கையாகிவிடும். யாரும் வாதாட வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

2

தொல்காப்பியத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவை வேறொரு பிரதியில் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. போஜன் பெயரில் வழங்கும் 'யுக்திகல்பதரு' என்கிற சம்ஸ்கிருத நூல். 1912இல் ராதாகுமுத் முகர்ஜி இந்தியக் கப்பல் வரலாற்றை எழுதியபோது இதை எடுத்துக்காட்டினார். அதற்குப் பிறகு தேசியப் பெருமிதம் பேசுகிறவர்கள் எல்லாரும் இதை எடுத்தாண்டார்கள். கப்பல் கட்ட எந்த மரம் உகந்தது என்று அந்த நூல் சொல்கிறது.

எடை குறைந்து, மென்மையாக, மற்றொன்றோடு எளிதில் இணையக்கூடிய கட்டை பிராமண சாதி. எடை குறைந்து, கடினமாக, மற்றொன்றோடு இணையாத கட்டை சத்திரிய சாதி. மென்மையாகவும் கனமாகவும் இருப்பது வைசியம். கடினமாகவும் கனமாகவும் இருப்பது சூத்திரம். சத்திரிய மரத்தில் கட்டிய கப்பல் செல்வமும் சுகமும் தரும். வெவ்வேறு சாதி மரங்களைக் கலந்து கட்டிய கப்பல் நெடுநாள் நிற்காது, தண்ணீரில் அழுகும், பிளக்கும்.

கவனியுங்கள். இது வெறும் மூடநம்பிக்கை அல்ல. எடையும் கடினமும் உண்மையான பண்புகள். மரத்தைக் கையில் எடுத்துப் பார்க்காதவன் இந்த இரண்டையும் பிரித்திருக்க முடியாது. எங்கோ ஒரு தச்சனின் கை அறிந்த விஷயம் இது. அவன் அறிவை எடுத்து, அவன் பெயரை அழித்து, அதன்மேல் நான்கு வருணத்தை ஒட்டிவைத்திருக்கிறது பிரதி. ஒட்டியதும் அறிவு சட்டமாகிவிடுகிறது. கனமானது சூத்திரம். ஏன்? பாரம் சுமப்பது யார் என்று முன்பே தீர்மானித்தாயிற்று. கலப்பு மரக் கப்பல் பிளக்கும் என்கிற பயம் எங்கிருந்து வந்தது? கடலில் இருந்து வரவில்லை. வருணக் கலப்பு பற்றிய பயம்தான் கப்பலின் பக்கப்பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நம் கடற்கரைக்கு வாருங்கள். மீனவர்கள் கட்டுமரத்துக்குத் தேடியது மிகமிக எடை குறைந்த கட்டையை. பின்னாளில் அல்பீசியா வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டார்கள். காய்ந்த நிலையில் தண்ணீரின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராத கட்டை. வள்ளம் குடைய அயனியும் மாவும். அயனி நீண்ட நாள் உழைக்கும், மா மலிவு. படகின் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டை. பாரமும் அடியும் படுகிற இடத்தில் கனமானது, மிதக்க வேண்டிய இடத்தில் லேசானது. கலப்பு இல்லாமல் படகு இல்லை. கடலுக்குள் போகிறவனுக்கு இது தெரியும். கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று கரையில் உட்கார்ந்தவனுக்குத் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

3

மன்னராட்சி மரத்தை வேறு விதமாக எடைபோட்டது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகிய நான்கும் ராஜமரங்கள். யார் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்காருக்குச் சொந்தம். நிலம் உனது, நிழல் உனது, உதிர்கிற சருகு உனது, மரம் மட்டும் ராஜாவுடையது.

இந்த நான்குக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கட்டையை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. தேக்கின் எடை தண்ணீரின் எடையில் சுமார் 65 சதம். ஈட்டி 85 பக்கம். சந்தனம் 90 பக்கம். கருங்காலியின் வைரம் பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கும். தேக்கில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். கருங்காலியிலும் சந்தனத்திலும் துளைகள் மிகச் சிறியவை, சிதறிக் கிடப்பவை. இந்தப் பக்கத்து மலைகளில் வளர்கிற நாங்கும் கோங்கும் எடையிலும் உறுதியிலும் தேக்கை மிஞ்சும். அவை ராஜமரம் ஆகவில்லை. நாங்கு கோடாலியின் வாயையே மழுக்கிவிடும். யார் அதை வெட்டி, யாரிடம் விற்பது?

ஆக ராஜத்தன்மை மரத்துக்குள் இல்லை. துறைமுகத்தில் இருக்கிறது. பம்பாய்க் கப்பல்தளத்தில் மலபார்த் தேக்கால் கட்டிய போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போயின. 1817இல் அங்கே கட்டிய 'ட்ரிங்கோமலி' இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. இரும்பை அரிக்காத எண்ணெய், சுருங்காத வாகு, கரையான் நெருங்காத வைரம் என்று தேக்குக்குள்ள பண்புகள் உண்மை. ஆனால் பண்பு இருப்பதால் மட்டும் ஒரு மரம் அரசனுக்கு உரியதாகிவிடாது. அந்தப் பண்புக்கு விலை கொடுக்க ஒரு கடற்படை வேண்டும். விலை வந்தபின் உரிமை வருகிறது. உரிமை வந்தபின் அதற்கு ஒரு பழமையும் புனிதமும் கண்டுபிடிக்கப்படுகின்றன.

வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்கியது யார்? யானையும் ஆறும் போக மிச்சம் மனித முதுகு. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்குவது திருவிதாங்கூரில் முறையாகவே இருந்தது. அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனம் 1855இல்தான் வந்தது. இந்தச் சுமையின் எடையைப் பதிவு செய்த அளவுகோல் எந்தக் கச்சேரியிலும் இல்லை. மரம் மட்டும் கண்டிக் கணக்கில் பதிவாயிற்று.

1068ஆம் கொல்லம் ஆண்டில், அதாவது 1893இல், திருவிதாங்கூர் வனச் சட்டம் வந்தது. அதே காலத்தில் வனக் காப்பாளராக இருந்தவர் டி.எஃப். போர்டிலான். அவருடைய 'திருவிதாங்கூரின் வன மரங்கள்' 1908இல் வெளிவந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் உள்ளூர்ப் பெயர், எங்கே வளர்கிறது, கட்டையின் நிறம், எதற்குப் பயன், ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு. நல்ல நூல்தான். இந்த மலைகளின் மரங்களைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. உள்ளூர்ப் பெயர்களையும் பயன்களையும் வெள்ளைக்கார அதிகாரி யாரிடம் கேட்டிருப்பார்? காணிக்காரரிடம், மரம் வெட்டியவரிடம், ஆசாரிமாரிடம். பெயர்கள் நூலில் இருக்கின்றன. பெயர் சொன்னவர்கள் இல்லை.

1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1932இல் பியர்சனும் பிரவுனும் இந்திய வணிக மரங்களின் உடற்கூற்றை இரண்டு தொகுதிகளில் வெளியிட்டார்கள். கட்டையிலிருந்து சீவிய இழையை நுண்நோக்கியின் அடியில் வைத்துத் துளை எத்தனை, கதிர் எவ்வளவு அகலம், நார்ச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று எழுதினார்கள். ஃபூக்கோ 1966இல் 'வார்த்தைகளும் பொருட்களும்' நூலில் விவரித்த அந்தப் பெரிய அட்டவணை இங்கே ரயில்வே ஸ்லீப்பருக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் வேலை செய்தது. ஒரு இனத்துக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு எண்.

ராஜமரம் என்பது செத்துப்போன சொல் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாடு அரசு 1994இல் ஈட்டி மரத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியை வெட்டவும் அனுமதி வேண்டும் என்றது. வயநாட்டு முட்டிலில் பட்டா நிலங்களிலிருந்து ஈட்டி மரங்கள் பெருவாரியாக வெட்டப்பட்ட விவகாரம் 2021இல் வெடித்தபோது கேரளப் பத்திரிகைகள் மறுபடி 'ராஜகீய மரங்கள்' என்று எழுதின. 2020 அக்டோபரில் வந்து நாலு மாசத்தில் ரத்தான ஓர் அரசு உத்தரவைக் காட்டி வெட்டினார்கள். மரம் நின்ற நிலத்துக்காரர்களில் பழங்குடிகளும் இருந்தார்கள். ராஜா போனார், ராஜமரம் போகவில்லை. முளைக்கும்போதே மரம் தன் கையை விட்டுப் போய்விடும் என்றால் விவசாயி என்ன செய்வான்? கன்றிலேயே கிள்ளிப் போடுவதுதான் புத்தி என்று ஆகிவிடுகிறது. காப்பாற்ற வந்த சட்டமே மரத்துக்கு எதிரியாகிற கதை இது.

4

இனி அந்தக் கட்டத்துக்குள் அடங்காதது என்ன என்று பார்க்கலாம்.

ஆசாரியிடம் போய் 'தேக்கு வேணும்' என்று சொன்னால் அவர் திருப்பிக் கேட்பார்: 'எந்த இடத்துத் தேக்கு? அடியா, நுனியா? வெள்ளை கழிச்சா, கழிக்காமலா?' இந்த மூன்று கேள்விகளுக்குள் மர உடற்கூற்றியலின் பாதி அடங்கியிருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். முருக்காக இருந்தாலும் கருங்காலியாக இருந்தாலும் செல்சுவர் என்கிற பொருளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் ஒரு கட்டை மிதப்பதும் இன்னொன்று மூழ்குவதும் எதனால்? வெற்றிடத்தால். தண்ணீர் ஏறும் குழாய்கள் எத்தனை, எவ்வளவு அகலம். நார்ச் செல்லின் சுவர் தடிப்பு எவ்வளவு, நடுவில் விட்ட இடம் எவ்வளவு என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. வைரத்தில் படிகிற பிசினும் எண்ணெயும் அதற்குமேல் கொஞ்சம் சேர்க்கும். வேகமாக உயர்ந்து வெளிச்சம் பிடிக்க வேண்டிய மரம் சுவரை மெலிசாகக் கட்டுகிறது. நிழலில் மெதுவாக, நூறு வருஷக் காற்றுக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்து நிற்க வேண்டியது தடிப்பாகக் கட்டுகிறது.

அடுத்து, ஒரே மரத்துக்குள் உள்ள வேறுபாடு. குருத்தைச் சுற்றி முதல் வருஷங்களில் உண்டாகிற கட்டை ஒரு மாதிரி, பின்னால் உண்டாகிறது வேறு மாதிரி. முன்னதில் நார்கள் குட்டை, தன்மை நிலையில்லாதது. பீச்சியில் 1975இல் தொடங்கிய கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எம். பட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் தேக்கை ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள்: இந்த இளங்கட்டைப் பருவம் முடிய 15லிருந்து 25 வருஷம் ஆகிறது. ஆக 20 வருஷத்தில் வெட்டிய தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இளங்கட்டை. பெயர் தேக்குதான். வேகமாக வளர்ந்தால் மட்டமான கட்டை என்கிற பொதுநம்பிக்கையும் தேக்குக்குச் சுத்தமாகப் பொருந்துவதில்லை. வளையத்தின் தொடக்கத்தில் வருகிற பெரிய துளைகளின் பட்டை, வளையம் அகலமானாலும் அதிகம் மாறாது. அகலத்தைக் கூட்டுவது பின்னால் வருகிற நெருக்கமான பகுதி. ஆகவே மிக மெதுவாக வளர்ந்த தேக்கு சில சமயம் லேசாகக்கூட இருக்கும்.

சாய்ந்து வளர்ந்த மரம் இன்னொரு விஷயம். தேக்கு, பலா, ரப்பர் போன்றவை சாய்ந்தால் மேல்பக்கத்தில் இழுவிசைக் கட்டை உண்டாகும். அந்த நார்களுக்குள் செல்லுலோஸ் மிகுந்த ஒரு கூழ்ப்படலம் இருக்கும். அறுத்தால் பலகையின் முகம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும், காய்ந்தால் திருகும். சரிவில் நின்ற மரத்துக்கும் சமநிலத்தில் நின்றதற்கும் இதனாலேயே வேறுபாடு வரும்.

இடமும் கட்டையை மாற்றும். தெற்கு மலைகளின் இந்தப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஒரு வளையம் என்றால் ஒரு வருஷம் என்று எண்ணிவிட முடியாது. இந்திய மரங்களில் வளையம் எப்போது, எப்படி உண்டாகிறது என்பதை டேராடூனில் முறையாக ஆராய்ந்தவர் கே. அகமது சௌத்ரி. அங்கே மர உடற்கூற்றில் பெயர் பெற்ற முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். 1998இல் பிரியாவும் பட்டும் தேக்கில் வருகிற பொய் வளையங்களைப் பற்றி எழுதினார்கள். வளர்கிற பருவத்தின் நடுவில் மழை பொய்த்தாலும், புழு இலையை முழுசாகத் தின்றுவிட்டாலும் மரம் ஒரே வருஷத்தில் இரண்டு கோடு போடும். 2010இல் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்கவோன்கரும் குழுவினரும் கேரளக் காட்டுத் தேக்கின் வளையங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 வருஷக் காலவரிசை ஒன்றை அமைத்து, அதில் மழை பொய்த்த வருஷங்களின் தடத்தைப் படித்தார்கள். அரசனின் திருமுகமும் கோயில் ஓலையும் சொல்லாத பஞ்சங்கள் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. ராஜமரம் ராஜாவைப் பற்றி ஒன்றும் எழுதிவைக்கவில்லை. மழையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

இத்தனையும் சொன்னபின் நம்மில் பலருக்கு ஒரு ஆசை வரும். 'பார்த்தீர்களா, மரத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. ஆகவே இனம் என்பதே பொய், சாதியும் அப்படித்தான்' என்று சொல்லிவிட ஆசை. அப்படிச் சொல்லக்கூடாது. மரத்தைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை. ஒரே தேக்குக்குள் அடியும் நுனியும் வேறுபடும். ஆனால் எந்தத் தேக்கும் முருக்கைப் போல லேசாகிவிடாது, நாங்கைப் போல மூழ்கிவிடாது. மரங்களின் அடர்த்தி வேறுபாட்டில் பெரும்பங்கு இனங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. மனிதர்களில் தலைகீழ். 1972இல் ரிச்சர்ட் லெவாண்டின் கணக்கிட்டுக் காட்டினார்: மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதம் ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, கூட்டங்களுக்கு இடையில் இருப்பது கொஞ்சம். சாதி என்பது தேக்கும் முருக்கும் அல்ல.

ஆகவே யுக்திகல்பதருவின் குற்றம் மரங்களை வகைப்படுத்தியது அல்ல. மரங்களுக்கு இடையில் உள்ள மெய்யான வேறுபாட்டைக் கடன்வாங்கி, மனிதர்களுக்கு இடையில் இல்லாத வேறுபாட்டுக்குச் சாட்சி ஆக்கியதுதான். அதற்குப் பதிலாக நாம் மரத்தின் உள்வேறுபாட்டைக் கடன்வாங்கிச் சமத்துவத்துக்குச் சாட்சி ஆக்கினால் அதே வேலையைத்தான் திருப்பிச் செய்கிறோம். நாளைக்கு விஞ்ஞானி வேறு எண்ணைக் காட்டினால் சமத்துவம் என்ன ஆகும்? சாதியை எதிர்க்க மரத்தின் சம்மதம் நமக்குத் தேவையில்லை. பூதப்பாண்டி ஜீவா பிறந்த ஊர். சாதியை எதிர்க்க அவரும் மரத்திடம் போய் ஆதாரம் கேட்டதில்லை.

இன்னொரு ஆசையும் உண்டு: ஆசாரியின் அறிவை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாடுவது. தட்டிப் பார்த்து ஓசையில் பொந்து கண்டுபிடிப்பது, குறுக்குவெட்டைப் பார்த்து வயசு சொல்வது, உளி போகிற போக்கில் வைரம் அறிவது எல்லாம் மெய்யான அறிவு. வெள்ளையைக் கழிப்பதற்குக் காரணம் உண்டு. அந்த உயிர்க்கட்டையில் மாச்சத்து இருக்கிறது, உளுக்கிற வண்டுக்கு அதுதான் தீனி. கட்டையைக் குளத்தில் மாசக்கணக்கில் ஊறப்போடுவதும் இதற்குத்தான். ஆனால் இந்த அறிவு சாதிக்குள், ஆண்களுக்குள் பூட்டிவைக்கப்பட்டது. பூட்டியது முழுக்க ஆசாரிமார் மட்டும் அல்ல. அவர்களையும் தீண்டலின் தூரத்தில் வைத்து, வீடு கட்டி முடிந்ததும் அந்த வீட்டுக்குள் வரவிடாத சமூகம் அது. அறிவை மதிக்க வேண்டுமானால் அது எந்தப் பூட்டுக்குள் இருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

5

இன்றைக்கு இந்த விஷயம் ஏன்?

பூதப்பாண்டிக்கு வடக்கே கீரிப்பாறைப் பக்கம் போனால் மலைச்சரிவு முழுக்க ரப்பர். வனத்துறை வளர்த்த தோட்டங்களைக் கொண்டு 1984இல் அரசு ரப்பர் கழகம் உண்டாயிற்று. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. பிறகு அதே கட்டைக்கு போரான் உப்பு ஏற்றி, வண்டும் பூஞ்சையும் அண்டாமல் செய்து, மேஜை நாற்காலி செய்தார்கள். மட்டமான கட்டை என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கட்டை மாறவில்லை, உப்பும் சந்தையும் வந்தன. ரப்பரில் பெரும்பகுதி ஒட்டுக்கன்று, ஒரே தாய்மரத்தின் நகல்கள். 1980இல் வெளிவந்த ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே வகை எத்தனையோ லட்சம் மரங்களாக நிற்கிறது. மரபணு ஒன்றே. ஆனாலும் சரிவு, காற்று, மண் பார்த்துக் கட்டை வேறுபடும்.

இன்னொரு கணக்கு சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. காடு எவ்வளவு கரியைச் சேர்த்துவைத்திருக்கிறது என்பது இப்போது உலகச் சந்தையில் விற்கப்படும் சரக்கு. கணக்கு எளிது: மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து பருமன் காண்பது, அதை அந்த இனத்தின் அடர்த்தியால் பெருக்குவது, வருகிற எடையில் ஏறக்குறைய பாதி கரி. அடர்த்தி எங்கிருந்து வரும்? அட்டவணையிலிருந்து. 2009இல் வெளிவந்த உலக மர அடர்த்தித் தரவுத்தொகுப்பில் 8,400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. விஞ்ஞானிகள் இலவசமாகப் பொதுவில் வைத்த பெரிய உழைப்பு அது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்துகிற நிர்வாகி ஒரு இனத்துக்கு ஒரு எண் என்றே எடுத்துக்கொள்கிறான். அடியா நுனியா, குருத்தா பட்டையோரமா, சரிவா சமநிலமா என்று ஆசாரி கேட்ட கேள்விகளை அவன் கேட்பதில்லை. வேகமாக வளர்கிற முன்னோடி மரங்கள் சிலவற்றில் குருத்திலிருந்து பட்டை நோக்கிப் போகப் போக அடர்த்தி இரண்டு மூன்று மடங்குகூட ஏறும் என்று கோஸ்டாரிகாவின் காடுகளில் வீமனும் வில்லியம்சனும் 1980களின் கடைசியில் காட்டினார்கள். வெளிப்புறத்தில் மட்டும் துளைபோட்டு எடுத்த மாதிரி கூடுதலாகக் காட்டும், நடுவில் எடுத்தது குறைவாகக் காட்டும். எண் மாறினால் பணம் மாறும்.

பிழை சிறிதோ பெரிதோ, அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கரி யாருடையது? ராஜமரம் போல இது ராஜகரி ஆகிவிடுமா? குமரி மாவட்ட மலைகளில் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுடைய குடியிருப்புக்கும் சிறுவன மகசூலுக்கும் சமூக வன வளத்துக்கும் உரிமை பேசுகிறது. மரத்துக்குள் உள்ள கரியைப் பற்றி அது தனியாக ஒன்றும் சொல்லவில்லை. சந்தை நுழையும்போது இந்த மௌனத்தின் வழியாகத்தான் நுழையும். முதலில் ஒரு பண்பு அளக்கப்படும்; அதற்கு விலை வரும்; விலைக்குப் பின்னால் உரிமை வரும். தேக்கின் கதையில் நாம் பார்த்த வரிசை இதுதான்.

நாம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டில் பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டு வருகின்றன. நிலையும் உத்திரமும் பழைய மரக் கடைக்குப் போகின்றன, மிச்சம் அடுப்புக்கு. வீட்டுக்காரர்களிடம் கேட்டு ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கை அகலத்துக்கு ஒரு துண்டு வாங்கி, எந்த ஊர், எந்த வீடு, எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வைக்கலாம். அதைச் செதுக்கிய, சுமந்த, கழுக்கோலுக்குப் பனை தறித்த குடும்பங்களிலிருந்து சொற்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்: வெள்ளை, வைரம், அடி, நுனி, அவர்கள் வைத்திருக்கிற இன்னும் நமக்குத் தெரியாத பெயர்கள். இந்தத் தடவை சொன்னவரின் பெயரையும் எழுத வேண்டும்.